காசைக் கொடு, சரக்கை எடு

1925-ம் ஆண்டு. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சாம்பெயின் என்று ஓர் ஊர். பெரிய நகரம் அல்ல. பல்கலைக் கழகத்தால் பெயர் பெற்ற ஊர். அங்கே வர்ஜீனியா தியேட்டர் என்ற சினிமாக் கொட்டகை இருந்தது. ஒரு மாலை நேரத்தில் படம் பார்க்க வந்திருந்த மாணவன் ஒருவனிடம் கொட்டகைச் சிப்பந்தி வந்து, முதலாளி அறைக்குக் கூப்பிடுகிறார் என்று சொன்னான்.

மாணவன் போனான். அறையில் நெடிய மனிதர் ஒருவர் இருந்தார். நரை ஓடிய தலை. அளவாகக் கத்தரித்த மீசை. டையில் கல் பதித்த ஊசி. பூட்சுக்கு மேல் துணி உறை. கைக்கு எட்டும் தூரத்தில் பிரம்பு. வந்தவன் உட்காருவதற்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு லட்சம் டாலர், ஏன், பத்து லட்சம் டாலர்கூடச் சம்பாதிக்க விருப்பமா என்று!

மாணவன் மிரண்டு விட்டான். ஏதோ சட்டத்துக்குப் புறம்பான காரியத்தில் தன்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்றே முதலில் நினைத்தான்.

கேள்வி கேட்டவர் சார்லஸ் சி. பைல். மாணவன் ஹரால்டு கிரேஞ்ச். செம்பட்டை முடி காரணமாக 'ரெட்' கிரேஞ்ச் என்று நாடே அழைத்த கால்பந்து வீரன். விளையாட்டுக்காரனுக்காக முதலாளிகளிடம் பேரம் பேசி, அதில் தானும் ஒரு பங்கு எடுத்துக் கொள்ளும் 'ஏஜண்டு' என்ற தொழில் அந்த அறையில்தான் பிறந்தது என்று அமெரிக்க விளையாட்டு வரலாறு எழுதுவோர் சொல்வார்கள்.

ஏஜண்டு என்றாலே நம்மவர்களுக்குக் கசப்புத்தான். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணத்தை வாங்கிக் கொண்டு முகவரி மாறிப் போகும் ஆசாமிகளை வெளியூர் வந்து பிழைப்பவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். பைல் அந்த வகையா என்றால், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அவர் கையால் வாழ்ந்தவர்களும் உண்டு. கையெழுத்துப் போட்ட காகிதத்தை வைத்துக் கொண்டு ஏமாந்தவர்களும் உண்டு.

பிரசங்கி ஆகாத பிள்ளை

பைல் பிறந்தது 1882-ம் ஆண்டு, ஒஹையோ மாநிலத்தில். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த குடும்பம். மகன் பிரசங்கியாக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. பேச்சு வன்மை என்னவோ பிள்ளைக்கு இருந்தது. அதை அவர் வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்.

வாலிப வயதிலேயே வீட்டை விட்டு மேற்கே போனார். பொருள் விற்றார். பிறகு ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்தார். நடிக்கவும் செய்தார், ஆனால் அவர் கை தேர்ந்த வேலை வேறு. கம்பெனி போய்ச் சேருமுன் அந்த ஊருக்குப் போய், கொட்டகை பேசி, சுவரொட்டி ஒட்டி, ஊரைக் கிளப்பி விடும் வேலை அது. ஆட்டமும் பாட்டும் எப்படி இருந்தாலும், அதைப் பார்க்காவிட்டால் பிறவியே வீண் என்று ஜனங்கள் எண்ணும்படி செய்வது ஒரு வித்தை. அதை அவர் அங்கே கற்றார். சினிமா வந்ததும் சினிமாவுக்கு மாறினார். பல ஊர்களில் பிழைத்து, கடைசியில் சாம்பெயினில் கொட்டகை நடத்திக் கொண்டிருந்தார். பணம் வந்தது, போனது. உடுப்பில் மட்டும் குறை வைத்ததில்லை.

ஐஸ் சுமந்த பையன்

கிரேஞ்ச் ஏழை வீட்டுப் பையன். ஐந்து வயதில் தாயை இழந்தவன். தகப்பனார் மர வியாபார முகாமில் மேஸ்திரியாக இருந்து, பிறகு வீட்டன் என்ற ஊரில் போலீஸ்காரரானவர். கோடை விடுமுறைகளில் மகன் ஐஸ் வண்டியில் வேலை செய்தான். பெரிய பாளங்களைத் தோளில் தூக்கி வீடு வீடாகப் போடுவான். அந்த உடம்புதான் பின்னால் மைதானத்தில் பேசியது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக் கொண்டு, மோதித் தள்ள வரும் ஆட்களைத் தாண்டி எல்லைக் கோட்டுக்கு ஓடும் ஆட்டம் அது. 1924 அக்டோபர் 18 அன்று மிச்சிகன் பல்கலைக் கழகத்துக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய 12 நிமிஷத்துக்குள் கிரேஞ்ச் நான்கு முறை எல்லையைத் தொட்டான். அடுத்த நாள் முதல் அவன் பெயர் பத்திரிகைகளில் வராத நாள் இல்லை.

அவன் ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக் கணக்கில் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். மைதானம் நிரம்பியது. பல்கலைக் கழகத்துக்கு வருமானம். ரயில் கம்பெனிக்கு வருமானம். பத்திரிகைக்கும் ஓட்டலுக்கும் வருமானம். ஆட்டக்காரனுக்கு ஒரு காசு கிடையாது. கல்லூரி ஆட்டக்காரன் பணம் தொட்டால் தீட்டு! கோடை வந்தால் மறுபடி ஐஸ் சுமக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கில் உள்ள அநியாயத்தை முதலில் கண்டு கொண்டவர் ஒரு பேராசிரியர் அல்ல, சினிமாக் கொட்டகைக்காரர் என்பதுதான் வேடிக்கை.

பணம் வாங்கி ஆடும் தொழில்முறைக் கால்பந்தும் அப்போது இருந்தது. ஆனால் அதற்கு மரியாதை இல்லை. ஓர் ஆட்டத்துக்கு நூறு டாலர் அளவில்தான் கூலி. படித்தவன் அதில் சேரக் கூடாது என்று கிரேஞ்சின் பயிற்சியாளர் ஸப்கி வற்புறுத்தினார், கோபித்துக் கொண்டார். கிரேஞ்ச் கேட்கவில்லை. 1925 நவம்பர் 21 அன்று கல்லூரிக்காகக் கடைசி ஆட்டம் ஆடினான். மறு நாளே சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறைக் குழுவில் சேர்ந்தான்.

பாதி வசூல்

பேர்ஸ் குழுவின் சொந்தக்காரர் ஜார்ஜ் ஹாலாஸ் லேசுப்பட்டவர் அல்ல. ஒவ்வொரு சென்ட்டையும் எண்ணிக் கொடுப்பவர். அவரோடும் அவர் பங்காளியோடும் பைல் உட்கார்ந்து பேசினார். பேச்சு 26 மணி நேரம் நடந்ததாக ஹாலாஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முடிவில் பைல் வாங்கியது மாதச் சம்பளம் அல்ல. டிக்கெட் வசூலில் பாதி! அதைப் பைலும் கிரேஞ்சும் பங்கிட்டுக் கொள்வது. பைலின் பங்கு பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்ற சில்லறைத் தரகு அல்ல. மொத்தத்தில் கொழுத்த ஒரு கூறு. அதிகம்தான். ஆனால் அவர் இல்லாவிட்டால் பையனுக்குக் கிடைத்திருக்கக் கூடியது அந்த நூறு டாலர்.

நவம்பர் 26 அன்று சிகாகோவில் முதல் ஆட்டம். 36 ஆயிரம் பேர் வந்தார்கள். தொழில்முறை ஆட்டத்துக்கு அதுவரை கூடாத கூட்டம். டிசம்பர் 6 அன்று நியூயார்க்கில் ஏறக்குறைய 70 ஆயிரம் பேர். நஷ்டத்தில் மூழ்கிக் கொண்டிருந்த நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவின் சொந்தக்காரர் டிம் மாரா அந்த ஒரே நாளில் கரையேறினார். இன்று கோடி கோடியாகப் புரளும் அந்தத் தேசியக் கால்பந்து லீகுக்கு உயிர் கொடுத்தது அந்த ஞாயிற்றுக் கிழமை என்பார்கள்.

வாஷிங்டனில் வீரர்கள் ஜனாதிபதி கூலிட்ஜைச் சந்தித்தார்கள். கிரேஞ்ச் சிகாகோ 'கரடிகள்' குழுவைச் சேர்ந்தவர் என்று அறிமுகம் செய்தபோது, தனக்கு மிருகக் காட்சிகள் ரொம்பப் பிடிக்கும் என்று ஜனாதிபதி பதில் சொன்னாராம்! கிரேஞ்ச் கடைசி வரை சொல்லிச் சிரித்த கதை இது.

சிரிப்புக்கு அடியில் வலியும் இருந்தது. பைல் போட்ட அட்டவணைப்படி 12 நாட்களில் 8 ஆட்டங்கள். ராத்திரி ரயில், பகலில் ஆட்டம். உடம்பு மோதும் விளையாட்டில் இது கொலைக்குச் சமம். பாஸ்டனில் களைத்துப் போய் ஆடிய கிரேஞ்சைக் கூட்டம் கூச்சல் போட்டுக் கேலி செய்தது. பிட்ஸ்பர்க்கில் கையில் அடிபட்டது. அடுத்து டெட்ராய்டில் இறங்க முடியவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகு தெற்கேயும் மேற்கேயும் இரண்டாவது சுற்று. 1926 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்சில் மறுபடி நியூயார்க் அளவுக்குக் கூட்டம். இரண்டு சுற்றும் சேர்த்து 67 நாட்களில் 19 ஆட்டங்கள். கிரேஞ்சுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பைல் கேட்ட கேள்வி பொய்யாகவில்லை.

ஆட்டத்தோடு பைல் நிற்கவில்லை. கிரேஞ்ச் பெயரில் பொம்மை, தொப்பி, ஸ்வெட்டர், செருப்பு, இஞ்சி சோடா எல்லாம் கடைக்கு வந்தன. நியூயார்க்கில் நிருபர்களைக் கூட்டி, சினிமா ஒப்பந்தத்துக்காக வந்தது என்று 3 லட்சம் டாலர் செக்கைக் காட்டினார். அது வெறும் விளம்பரச் செக். உண்மைத் தொகை அதில் சிறு துளி. ஆனால் படம் பொய்யாகவில்லை. ஜான் கென்னடியின் தகப்பனார் ஜோசப் கென்னடி அப்போது நடத்தி வந்த கம்பெனி, கிரேஞ்சைக் கதாநாயகனாகப் போட்டு 1926-ல் படம் எடுத்து வெளியிட்டது.

அந்தப் படப்பிடிப்பில் ஒரு சிக்கல். கதையில் வருவது குளிர் கால ஆட்டம். படம் எடுப்பதோ கலிபோர்னியாவில் கடும் கோடையில். கம்பளி உடுத்திய ஆயிரக் கணக்கான ஜனங்களுக்கு எங்கே போவது? துணை நடிகர்களுக்குக் கூலி கொடுத்தால் கம்பெனி திவால். பைல் யோசனை சொன்னார். நிஜமாகவே ஓர் ஆட்டத்தை அறிவித்து, குளிர் கால உடுப்பில் வருபவர்களுக்கு டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். ஜனங்கள் கோட்டும் தொப்பியுமாக வியர்த்து வழிய வந்து உட்கார்ந்தார்கள். செலவில்லாமல் கூட்டம்!

பத்திரிகைக்காரர்கள் அவருடைய 'சி. சி.' என்ற முன்னெழுத்துகளை விரித்து, 'கேஷ் அண்ட் கேரி' பைல் என்று பட்டம் சூட்டினார்கள். காசைக் கொடு, சரக்கை எடு. கடன் பேச்சே இல்லாதவர் என்று பொருள். அந்தப் பட்டம் எவ்வளவு பொருந்தாமல் போகப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தானே முதலாளி

அதிர்ஷ்டம் மேலும் மேலும் வரும் என்று பைல் நம்பினார். பேர்ஸ் குழுவில் மூன்றில் ஒரு பங்கு உரிமை கேட்டார். ஹாலாஸ் மறுத்து விட்டார். நியூயார்க்கில் யாங்கி ஸ்டேடியத்தைக் குத்தகைக்கு எடுத்து, லீகில் புதிய குழு அமைக்க அனுமதி கேட்டார். தன் ஊரில் போட்டிக் கடையா என்று மாரா தடுத்தார். உடனே பைல் 1926-ல் தனி லீகே தொடங்கினார். ஒன்பது குழுக்கள். ஒரே பருவத்தில் அது கவிழ்ந்தது. கிரேஞ்ச் ஒருவனைப் பார்க்க வந்த கூட்டம், கிரேஞ்ச் இல்லாத ஆட்டங்களுக்கு வரவில்லை. பைலின் நியூயார்க் குழுவை மட்டும் பழைய லீக் சேர்த்துக் கொண்டது.

இதே சமயத்தில் டென்னிசிலும் கை வைத்தார். பிரெஞ்சு நாட்டு சூசான் லெங்லன் அன்று உலகத்தில் ஈடு இல்லாத ஆட்டக்காரி. விம்பிள்டனில் அவர் ஆடினால் டிக்கெட் கிடைக்காது. அவருக்கும் அதில் பணம் இல்லை. பைல் 50 ஆயிரம் டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்து, 1926 அக்டோபரில் நியூயார்க்கில் தொடங்கி ஊர் ஊராக ஆட வைத்தார். மேரி பிரவுன் என்ற அமெரிக்க ஆட்டக்காரி எதிரே ஆடினார். லெங்லன் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. தன் ஆட்டத்தால் மற்றவர்கள் பணக்காரர் ஆகும்போது தான் மட்டும் ஏன் வெறுங்கையோடு போக வேண்டும் என்று லெங்லன் பகிரங்கமாகக் கேட்டார். பெரிய டென்னிஸ் சங்கங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 1968 வரை ஆயிற்று. அந்த ஆண்டில்தான் விம்பிள்டன் கதவு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்தது.

1927 அக்டோபர் 16 அன்று, பைலின் குழுவுக்காகச் சிகாகோவில் ஆடும்போது கிரேஞ்சின் முழங்கால் முறுக்கிக் கொண்டது. வளைந்து நெளிந்து ஓடும் அந்தப் பழைய ஓட்டம் அதோடு போயிற்று. மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் இருவரும் அதைப் புதுப்பிக்கவில்லை.

நாடு தாண்டிய ஓட்டம்

அடுத்து பைல் செய்தது யாரும் கனவிலும் நினைக்காதது. மேற்குக் கரை லாஸ் ஏஞ்சல்சிலிருந்து கிழக்குக் கரை நியூயார்க் வரை ஓட்டப் பந்தயம்! தூரம் 3,423 மைல். முதல் பரிசு 25 ஆயிரம் டாலர். '66-ம் நம்பர்' நெடுஞ்சாலை அப்போது புதிது. அந்தச் சாலைக்கு விளம்பரம் தேடிய சங்கத்திடம் பணம் பேசினார். வழியில் உள்ள ஊர்களும் தங்கள் ஊரில் ஓட்டக்காரர்கள் தங்குவதற்குப் பணம் தர வேண்டும் என்பது திட்டம்.

ஓட வருகிறவர்கள் நுழைவுக் கட்டணம் 25 டாலர் கட்ட வேண்டும். அதோடு 100 டாலர் டெபாசிட். எதற்கு? பாதியில் நின்று போனால் ஊர் திரும்ப வழிச் செலவு! அந்த 100 டாலரை எப்படிப் புரட்டியிருப்பார்கள் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்களில் பலர் கூலிக்காரர்கள், விவசாயிகள், மாலுமிகள்.

1928 மார்ச் 4 அன்று 199 பேர் புறப்பட்டார்கள். ஒரு நாளைக்குச் சராசரி 40 மைல். பாலைவனம், மலை, பனி, மழை. பாதத்தில் கொப்புளம், காலில் வீக்கம். படுக்கை கூடாரத்தில். சாப்பாட்டு ஏற்பாடு தொடக்கத்திலேயே கெட்டது. பைலோ 'அமெரிக்கா' என்று பெயர் சூட்டிய சொகுசுப் பஸ்ஸில் பின்னால் வந்தார். ஊர்வலத்தோடு ஒரு நடமாடும் ரேடியோ நிலையம். ராட்சசக் காப்பிப் பாத்திரம் ஒன்று. பதப்படுத்திய கொள்ளைக்காரன் பிணத்தைக் காட்டும் கூடாரம் ஒன்று. பழைய நாடகக் கம்பெனிப் புத்தி போகவில்லை. பத்திரிகைகள் இப்போது 'சி. சி.' என்பதைக் 'கால் ஆணியும் காய்ப்பும்' என்ற பொருளில் விரித்துக் கிண்டல் செய்தன.

ஓடியவர்களில் கறுப்பர்களும் இருந்தார்கள். அவர்களில் எட்டி கார்டனர் என்பவர் முன்வரிசையில் ஓடியவர். டெக்சாசிலும் ஓக்லஹோமாவிலும் அவருக்கு மற்றவர்களோடு தங்க இடம் மறுத்தார்கள். வெள்ளைக்காரனை முந்தினால் உயிர் இருக்காது என்று மிரட்டினார்கள். அவர் நியூயார்க் வரை ஓடி முடித்தார்.

ஊர்கள் பைலை நம்பவில்லை. பேசிய பணம் வரவில்லை. நெடுஞ்சாலைச் சங்கமும் பேசியபடி தரவில்லை. கடன்காரர்கள் துரத்தினார்கள். ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. 84 நாட்களுக்குப் பின், மே 26 அன்று நியூயார்க்கை அடைந்தவர்கள் 55 பேர். முதலில் வந்தவன் ஆண்டி பெய்ன். ஓக்லஹோமாவைச் சேர்ந்த செரோக்கி இனப் பையன், வயது 20. பரிசு வருமா என்று எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். பைல் எப்படியோ புரட்டி, சொன்ன பரிசுகளைக் கொடுத்து விட்டார். பெய்ன் அந்தப் பணத்தில் தகப்பனார் நிலத்தின் கடனை அடைத்தான். பின்னர் தேர்தலில் நின்று ஓக்லஹோமா உச்ச நீதிமன்றத்தின் கிளார்க் ஆகி, 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தான்.

அங்கேயே பைல் நிறுத்தியிருக்கலாம். பெரும் நஷ்டம். ஆனாலும் 1929-ல் மறுபடி பந்தயம் நடத்தினார். இந்த முறை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்கு. கூடவே ஆட்டம் பாட்டம் நடத்தும் கூடாரக் கோஷ்டி. அந்த வசூலில் பரிசைக் கொடுத்து விடலாம் என்று கணக்கு. கூடாரம் நிரம்பவில்லை.

ஓட்டமோ அற்புதமாக இருந்தது. ஜானி சாலோ என்பவர் நியூஜெர்சியைச் சேர்ந்த போலீஸ்காரர். பீட்டர் கவுஸி என்பவர் கப்பலில் பரிசாரகர் வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர். முதல் ஆண்டில் முன்னணியில் ஓடி வந்தும், பல் நோயால் சாப்பிட முடியாமல் பாதியில் நின்றவர் இந்தக் கவுஸி. இருவரும் 3,500 மைலுக்கு மேல் மாறி மாறி முந்தி ஓடினார்கள். கடைசி நாள் ஸ்டேடியத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடி முடித்தபோது சாலோ வெற்றி பெற்றார். இருவருக்கும் வித்தியாசம் 2 நிமிஷம் 47 விநாடி!

முதல் பரிசு 25 ஆயிரம் டாலர் என்று அறிவிப்பு. பைல் கொடுத்தது புரோநோட்டு. அந்தப் புரோநோட்டுக்குப் பணம் வரவே இல்லை. சில மாதங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, நாடே பஞ்சத்தில் விழுந்தது. சாலோ போலீஸ் வேலைக்குத் திரும்பினார். 1931-ல் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் காவல் பணியில் இருந்தபோது பந்து தலையில் பட்டு இறந்தார்.

பைலை இந்தக் கட்டத்தில் மோசக்காரர் என்று சொல்லி முடித்து விடுவது சுலபம். அவர் ஓட்டக்காரர்களின் பணத்தை மூட்டை கட்டிக் கொண்டு ஓடவில்லை. தன் பணத்தையும் அதில்தான் தொலைத்தார். ஆனால் அடுத்தவன் மைதானத்தில் வியர்வைக்குக் கணக்குக் கேட்டவர், தன் மைதானம் என்று வந்தபோது இல்லாத பணத்தை எழுதிக் கொடுத்தார். கவுஸிக்கு அந்த வித்தியாசம் எல்லாம் எதற்கு?

கடைசிக் காலம்

1933-ல் சிகாகோவில் உலகப் பொருட்காட்சி. நம்பினால் நம்புங்கள் என்று உலக அதிசயங்களைப் படம் போட்டு எழுதிய ராபர்ட் ரிப்ளியின் விசித்திரக் கூடத்தை நடத்தும் பொறுப்பு பைலுக்குக் கிடைத்தது. அது நன்றாக ஓடியது. ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நெருக்கடிக் காலத்திலும் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர் என்று பைல் மறுபடி நிமிர்ந்தார்.

பிறகு லாஸ் ஏஞ்சல்சில், ரேடியோ நிகழ்ச்சிகளையும் இசையையும் தட்டில் பதிவு செய்து நிலையங்களுக்கு விற்கும் கம்பெனி ஒன்றின் தலைவராக இருந்தார். உடம்பு முன்பே தளர்ந்து விட்டது. 1939 பிப்ரவரி 3 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 56.

கிரேஞ்ச் 1929-ல் ஹாலாஸிடமே திரும்பிப் போய் மேலும் சில ஆண்டுகள் ஆடினார். கால் முன்போல இல்லாவிட்டாலும் தடுப்பு ஆட்டத்தில் பெயர் வாங்கினார். 1991 வரை உயிரோடு இருந்தார். பைல் தன்னிடம் ஒரு காசு ஏமாற்றியதில்லை என்றே எழுதினார், கேட்டவர்களிடமும் சொன்னார். பிரிந்த பிறகும் அந்த 1928 ஓட்டத்தில் பைலின் பஸ்ஸில் கூடப் போய், ஊர் ஊராக ஜனங்கள் முன் நின்று கூட்டம் சேர்த்துக் கொடுத்தவர் கிரேஞ்ச்தான்.